சென்னைக்கும் இலண்டனுக்கும் இடைப்பட்ட வான்வழி

உலகம் சுருங்கிவிட்டது என்று கூறாத மேடைப் பேச்சாளர் இக்காலத்து அரியர். அது எத்துணைச் சுருங்கிற்று, எதனாற் சுருங்கிற்று, சுருங்கியது மீண்டும் விரிதலும் உண்டோ என்று வினவுவார் அவரினும் அரியர். சென்னை விமான நிலையத்திற்கும் இலண்டன் மாநகரின் ஹீத்ரோ விமான நிலையத்திற்கும் இடையேயுள்ள தூரம் யாது, அத்தூரத்தைக் கடத்தற்கு வேண்டுங் காலம் யாது என்னும் இரு வினாக்களை எடுத்துக்கொண்டு ஈண்டுச் சிறிது ஆராய்வாம். இவ்வினாக்கள் மிக எளியனவாகத் தோன்றும். ஆயினும், முதல் வினாவிற்கு ஒரே விடையும், இரண்டாவதற்குப் பல விடைகளும் உண்டு. அவ்விடைகள் வேறுபடுதற்குக் காற்றும் கடிகாரமும் மட்டுமன்றி, மாந்தர்தம் பகையும் காரணமாதல் உண்டென்பது ஆராய்ச்சியின் முடிவிற் புலனாகும்.

1. தூரத்தை அளக்குமாறு

பூமி ஏறக்குறைய ஓர் உருண்டை. உருண்டையின் மேலுள்ள இரண்டு இடங்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி, அவ்விரண்டையும் பூமியின் மையத்தையும் ஒருங்கே வெட்டிச் செல்லும் பெருவட்டத்தின் ஒரு பகுதியாகும். நாரத்தம்பழத்தைச் சரிபாதியாக அரிந்தால் விளிம்பிலே தோன்றும் வட்டம் பெருவட்டம். ஓரத்தில் அரிந்தால் தோன்றுவது சிறு வட்டம். நில நடுக்கோடு ஒரு பெருவட்டம். ஏனைய அட்சரேகைகள் யாவும் சிறு வட்டங்களே.

சென்னை நிலையம் வட அட்சம் 13 பாகையிலும், கிழக்குத் தீர்க்கம் 80 பாகையிலும் உள்ளது. ஹீத்ரோ வட அட்சம் 51½ பாகையிலும், மேற்குத் தீர்க்கம் ஏறக்குறைய அரைப் பாகையிலும் உள்ளது. கோணக் கணிதம் பயின்றார் இவற்றைக்கொண்டு தூரத்தைத் தாமே கணிக்கலாம். இரு அட்சங்களின் சைன்களைப் பெருக்கி ஒருபுறம் வைக்க. அவற்றின் கோசைன்களைத் தீர்க்க வேற்றுமையின் கோசைனோடு பெருக்கி மற்றொரு புறம் வைக்க. இரண்டையும் கூட்ட வருவது இடைக்கோணத்தின் கோசைன். நமக்கு முதலாவது 0.176, இரண்டாவது 0.099, கூட்டுத்தொகை 0.275. இதற்குரிய கோணம் 74 பாகை. பெருவட்டத்தில் ஒரு பாகைக்கு ஏறக்குறைய 111.2 கிலோமீட்டர் ஆதலின், தூரம் 8,230 கிலோமீட்டர், அஃதாவது 5,100 மைலுக்குச் சற்று மிகுதி எனப் பெறப்படும்.

கணிதத்தை விரும்பாதார்க்கு வேறோர் எளிய வழி உண்டு. பூகோள வகுப்பிலுள்ள உருண்டையை எடுத்து, சென்னையில் ஒரு நூலின் நுனியை வைத்து, இலண்டன் வரை இறுக இழுத்துப் பிடிக்க வேண்டும். உருண்டையின் சுற்றளவு 100 சென்டிமீட்டராயின், பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் ஆதலால், நூலில் ஒரு சென்டிமீட்டர் 400 கிலோமீட்டரைக் குறிக்கும். நூலின் நீளம் 20½ சென்டிமீட்டருக்குச் சிறிது கூடுதலாக இருக்கக் காணலாம். கணிதமும் நூலும் ஒன்றற்கொன்று சான்று பகரும்.

2. நேர்வழி எது?

நூலை அவ்வாறே பிடித்துக்கொண்டு நோக்குவார்க்கு ஒரு வியப்புத் தோன்றும். இலண்டனைவிடச் சென்னை 38 பாகைக்கு மேல் தெற்கே உள்ளது. ஆதலின் இலண்டனிலிருந்து சென்னைக்கு வருவோர் தொடக்கத்திலேயே தென்கிழக்கே திரும்ப வேண்டுமென்று எண்ணுவோம். ஆனால் அந்நூலோ இலண்டனைவிட்டுப் புறப்படுகையில் ஏறக்குறைய நேர் கிழக்கு நோக்கியே செல்கின்றது. பின்னரே சிறிது சிறிதாகத் தெற்கே வளைந்து, சென்னையைத் தென்கிழக்கு முகமாக வந்தடைகின்றது. சுவரில் தொங்கும் தட்டைப் படத்தில் இரு நகரங்களையும் அளவுகோலால் இணைத்துக் கோடிட்டால், அக்கோடு நேரானதாகவும் நூலின் வழி வளைந்ததாகவும் தோன்றும். உண்மை அதற்கு மறுதலை. கப்பலோட்டிகள் பயன்படுத்தும் மெர்க்கேட்டர் படத்தில் நேராகத் தோன்றும் அக்கோட்டின் வழியே, ஒரே திசையை மாறாது பற்றிச் சென்றால், தூரம் 8,480 கிலோமீட்டர் ஆகும். பெருவட்ட வழியினும் இது 250 கிலோமீட்டர் மிகுதி. படத்தை நம்பி உருண்டையை மறப்பார்க்கு நேரும் இழப்பு இது.

3. காலமும் காற்றும்

தூரத்தைக் காலத்தால் அளத்தல் நம் முன்னோர்க்குப் புதிதன்று. ஒரு நாழிகையில் நடக்குந் தூரத்தை 'நாழிகை வழி' என்றனர். குரல் எட்டுந் தொலைவைக் 'கூப்பிடு தூரம்' என்றனர். வழிநடப்பார்க்கு வேண்டுவது நிலத்தின் அளவன்று, காலின் அளவே என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

இக்காலத்துப் பெரிய பயண விமானம் உயர்ந்த வானில் மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர் செல்லும். 8,230-ஐ 900-ஆல் வகுக்க 9 மணி 9 நிமிடம் வரும். ஆனால் கால அட்டவணைகளில் சென்னையிலிருந்து இலண்டனுக்குச் சற்றேறக்குறைய 11 மணியும், இலண்டனிலிருந்து சென்னைக்கு அதனினும் குறைவாகவும் காட்டப்படுதல் காண்கின்றோம். ஒரே தூரம், ஒரே விமானம்; காலம் மட்டும் மிகுதல் ஏன்? போதற்கும் வருதற்கும் வேறுபடுதல் ஏன்?

முதலாவது காரணம் வெளிப்படை. விமானம் நின்ற இடத்திலிருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், மேலே ஏறவும், இறுதியில் வேகந் தணிந்து முறைக்குக் காத்து இறங்கவும், இறங்கியபின் நிற்குமிடத்தை அடையவும் காலம் செல்கின்றது. அன்றியும், விமானங்கள் வகுக்கப்பட்ட வான்பாதைகளின் வழியே செல்வனவாதலின், பறக்கும் தூரம் பெருவட்டத் தூரத்தினும் எப்பொழுதும் சிறிது கூடுதலாகவே இருக்கும்.

இரண்டாவது காரணம் காற்று. பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், நடு அட்சங்களைச் சூழ்ந்து மேற்கிலிருந்து கிழக்காகப் பெருங்காற்று ஆறுபோல் ஓடிக்கொண்டிருக்கின்றது. குளிர்காலத்தில் அது ஈரானையும் வட இந்தியாவையும் கடந்து செல்லும். மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகமும் கொள்ளும். கிழக்கு நோக்கி வரும் விமானத்திற்கு அது துணை; மேற்கு நோக்கிச் செல்லும் விமானத்திற்கு அது எதிர்.

இதனை ஒரு கணக்கால் விளக்குவாம். வழி முழுவதும் சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டர் மேற்காற்று வீசுவதாகக் கொள்க. கிழக்கே வருங்கால் விமானத்தின் வேகம் 960. காலம் 8 மணி 34 நிமிடம். மேற்கே போங்கால் வேகம் 840; காலம் 9 மணி 48 நிமிடம். இரண்டிற்கும் வேற்றுமை 1 மணி 14 நிமிடம். போகும்போது இழந்ததை வரும்போது பெற்றுவிடுகிறோமாதலின் இரண்டும் சரியாய்விடும் எனச் சிலர் கருதலாம். அது பொருந்தாது. காற்றில்லாத நாளில் போக்கும் வரவும் சேர்ந்து 18 மணி 17 நிமிடம். காற்றுள்ள நாளிலோ 18 மணி 22 நிமிடம். எதிர்காற்றில் நாம் மெதுவாகச் செல்வதனால் அதன் கைப்பட்டிருக்கும் நேரமும் நீள்கின்றது. துணைக்காற்றிலோ விரைந்து செல்வதனால் அதன் உதவியைப் பெறும் நேரமும் குறுகுகின்றது. ஆதலின் காற்றோடு செய்யும் வாணிகத்தில் எஞ்சுவது நட்டமே.

4. கடிகாரத்தின் மயக்கம்

காற்றினும் மிகுதியாக மயக்குவது கடிகாரம். பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்கின்றது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். சென்னை கிரீனிச்சுக்குக் கிழக்கே 80 பாகைக்குச் சற்று அப்பால் உள்ளதாதலின், இங்கே ஞாயிறு உச்சியடைவது அங்கு அடைவதற்கு 5 மணி 21 நிமிடம் முன்னரே. சென்னை வானாய்வுக் கூடத்தின் கணிப்பைக் கொண்டு 'சென்னை நேரம்' என்றே முன்னாளில் வழங்கிய நேரம் அதுவே. இந்திய இருப்புப் பாதைகள் அதனைப் பின்பற்றின. 1906 ஜனவரி முதல் நாள் தொடங்கி, 82½ பாகைத் தீர்க்கத்தைக் கொண்டு, கிரீனிச்சுக்கு 5½ மணி முற்பட்ட பொது நேரம் ஏற்படுத்தப்பட்டது. இங்கிலாந்தில் வேனிற்காலத்தே கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைப்பராதலின், அக்காலத்தில் வேற்றுமை 4½ மணியாகக் குறையும்.

குளிர்காலத்தில் ஒருவர் சென்னையிலிருந்து காலை 5½ மணிக்குப் புறப்பட்டு 11 மணி நேரம் பயணஞ் செய்வாராயின், நம் கடிகாரத்தில் மாலை 4½ மணி. ஆனால் இலண்டன் கடிகாரத்தில் முற்பகல் 11 மணி. முள்ளைமட்டும் நோக்குவார்க்கு 5½ மணியிலேயே இலண்டன் சேர்ந்தாற் போலத் தோன்றும். அவரே இலண்டனிலிருந்து பிற்பகல் 1 மணிக்குப் புறப்பட்டு 10½ மணி நேரத்திற் சென்னை வந்தால், இங்கு மறுநாள் விடியற்காலை 5 மணி ஆகியிருக்கும். முள் 16 மணி நகர்ந்திருக்கும். ஐந்தரையும் பதினாறும் கூட இருபத்தொன்றரை. பதினொன்றும் பத்தரையும் கூட அதுவே இருபத்தொன்றரை. ஆகவே கடிகாரம் ஒருபாற் கொடுத்ததை மறுபால் தவறாது வாங்கிக்கொள்கின்றது. பயண அட்டவணையைப் படிப்பார் புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் ஒரே இடத்துக் கடிகாரத்திற்கு மாற்றியபின்னரே கழித்தறிதல் வேண்டும்.

5. முன்னோர் சென்ற வழி

இக்காலத்துப் பதினொரு மணியின் அருமையை அறிய, பழைய பயணங்களோடு அதனை ஒப்பிடுதல் நலம். வான்வழியே செல்லும் ஊர்தியைப் புலவர் கனவிற் கண்டது மிகப் பழைமையானது. சச்சந்தன் தன் தேவியாகிய விசயையை மயிற்பொறியில் ஏற்றிப் பகைவரினின்று தப்புவித்தமை சீவக சிந்தாமணியிற் காணப்படும். எனினும் நனவிற் கிடைத்த வழி நெடுங்காலம் கடலேயாயிற்று.

சீகன்பால்கு ஐயரும் புளூச்சோ ஐயரும் 1705 நவம்பர் 29 அன்று கோபன்ஹேகனிலிருந்து மரக்கலம் ஏறினர்; 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினர். இடையிற் சென்றவை 222 நாட்கள். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிவருதல் அன்றைய வழி. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் அச்சுற்று ஒழிந்தது. 1929 மார்ச்சு 30 அன்று இலண்டனுக்கும் கராச்சிக்கும் இடையே விமானத் தபால் தொடங்கிற்று. இடையில் ஒரு பகுதி இரயிலிலே கழிய, அது ஏழு நாட் பயணமாயிருந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் கொணர, அதனை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொணர்ந்தார். 1948 ஜூன் 8 அன்று பம்பாயிற் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம் கெய்ரோ, ஜெனீவா நகரங்களில் தங்கி ஜூன் 10 அன்று இலண்டன் சேர்ந்தது. மாதங்கள் வாரங்களாகி, வாரங்கள் நாட்களாகி, நாட்கள் மணிகளாயின. தூரமோ அன்றும் இன்றும் ஒன்றே.

6. மூடப்பட்ட வானம்

இவ்வாறு நோக்கின், காலம் குறைந்துகொண்டே செல்லும் என்று துணிதற்கு இடமுண்டு. ஈண்டுத்தான் நாம் நின்று ஆராய வேண்டுவது. நம் நூல் இலண்டனிலிருந்து எந்நாடுகளின்மேற் செல்கின்றது எனக் காண்க. ஜெர்மனி, போலந்து, உக்ரேன், கிரீமியா, காகசஸ் மலைநாடு, ஈரான், பாகிஸ்தான், பின்னர்க் குஜராத், மகாராஷ்டிரம் எனச் செல்கின்றது அது. ஒவ்வொரு நாட்டின் மேலுள்ள வானமும் அந்நாட்டின் ஆட்சிக்குட்பட்டது. திறந்துவிடவும் மூடவும் அந்நாட்டிற்கு உரிமையுண்டு. கடலுக்குள்ள பொதுமை நிலத்தின் மேலுள்ள வானத்திற்கு இல்லை.

2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்குச் சென்ற மலேசிய விமானம் கிழக்கு உக்ரேனின் மேல் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 298 பேரும் மாண்டனர். அப்பொழுது அங்கே 32,000 அடிக்குக் கீழ்ப்பட்ட வானமே மூடப்பட்டிருந்தது. அவ்விமானமோ 33,000 அடியில், திறந்த பாதையிலே, சென்றுகொண்டிருந்தது. குறுகிய வழியைப் பற்றிச் சென்றமையன்றி அப்பயணிகள் செய்தது ஒன்றுமில்லை. விமானங்கள் போர் நிகழும் நிலங்களைச் சுற்றிக்கொண்டு செல்லுதல் வீண் அச்சத்தாலன்று என்பதற்கு இது தக்க சான்று.

2022 பிப்ரவரி 24 அன்று போர் மூண்டவுடன் உக்ரேனின் வானம் பயண விமானங்களுக்கு முற்றிலும் மூடப்பட்டது. அதனையடுத்து உருசிய நாடு ஐரோப்பிய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடிற்று. அதற்குமுன் பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவிற்கு ஏறக்குறைய 9½ மணியிற் சென்ற விமானம், அதன்பின் வடதுருவத்தைச் சுற்றியோ தெற்கே விலகியோ ஏறக்குறைய 13 மணி பறக்கலாயிற்று. நம் பக்கத்தும் இத்தகையது நிகழ்ந்துள்ளது. 2019 பிப்ரவரி இறுதி முதல் ஜூலை 16 வரை பாகிஸ்தான் தன் வானத்தின் பெரும்பகுதியை மூடி வைத்தது. 2025 ஏப்ரல் 24 அன்று இந்திய விமானங்களுக்கு மீண்டும் மூடிற்று. வடஇந்தியாவிலிருந்து மேற்கே சென்ற விமானங்கள் தெற்கே இறங்கிக் கடல்வழியாகச் சுற்ற நேர்ந்தது.

பொறியாளரின் நெடுநாள் உழைப்பால் மிச்சப்பட்ட மணிகளை அரசுகளின் பகை ஒரே நாளில் விழுங்கிவிடுகின்றது. சுற்று வழிக்கு எரிபொருள் மிகுதி. எரிபொருள் மிகுந்தாற் செலவு மிகுதி. செலவு மிகுந்தால் ஏழையின் பயணம் எட்டாதொழிகின்றது. அயல்நாட்டிற் கூலி வேலை செய்வார் தாய்தந்தையரின் இறுதிக் கடனுக்கு வந்து சேருதலும் சேராதொழிதலும் சில மணிகளைப் பொறுத்தனவாதல் உண்டு. ஆதலின் இவ்வாராய்ச்சி எண்களோடு முடிவதன்று. இரு நகரங்களுக்கிடையே உள்ள கிலோமீட்டரைப் படைப்பு வகுத்தது. மணிகளையோ மாந்தர் வகுக்கின்றனர். அமைதி வழியைக் குறுக்கும். பகை அதனை நீட்டும்.

7. அண்மை என்பது யாது?

இறுதியாக ஒன்று கூறுவாம். சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில், புகாரைவிட்டுச் சிறிது தொலைவே நடந்த கண்ணகி, மதுரை மூதூர் எதுவென வினவுகின்றாள். முப்பது காதத்திற்கு அப்பாலுள்ள அதனைக் கோவலன் அண்மையதென்றே நகைத்துக் கூறுகின்றான். காதத்தின் அளவு அவன் அறியாததன்று. துணையின் தளர்ச்சியைக் கண்டவன் தூரத்தைக் கூறுதற்கு வேறோர் அளவுகோலை எடுத்தான்.

அத்தகைய அளவுகோல் ஒன்று நமக்கும் வேண்டும். 222 நாட் கடலிற் கழித்து வந்த சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியிற் சிறுபிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுத்தெழுதித் தமிழ் பயின்றார். 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1719-இல் அம்மண்ணிலேயே அடக்கமானார். அவர் கடந்த தூரம் பெரிது. ஆனால் இம்மக்களுக்கு அவர் அண்மையராயினார். இன்று பதினொரு மணியில் இலண்டன் சென்று, அங்குள்ளார் மொழியையும் மனத்தையும் அறியாது மீள்வார் எத்துணை விரைந்து சென்றாலும் தொலைவினரே.

விமானம் உடலைக் கொண்டு சேர்க்கும்; உள்ளம் சென்று சேர்தற்கு வேறு ஊர்தி இல்லை, அன்பும் கல்வியுமே உள. நம் மாணவருட் பலர் வருங்காலத்தில் இவ்வான்வழியே செல்லுதல் கூடும். அவர்கள் சன்னலின் வழியே கீழே நோக்குங்கால், தம் விமானம் எந்நாட்டை விலகிச் செல்கின்றது, ஏன் விலகிச் செல்கின்றது என்றும் சிறிது எண்ணுவாராக. அவ்வெண்ணத்தோடு செல்வார் சேருமிடத்திலும் அயலாரை அயலாராகக் கருதார்.